ஒன்பதாவது கேள்வி

ஜமாஅத் கமிட்டியிலிருந்து வருகிறவர்கள் அஸர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மணி இரண்டேமுக்கால்தான் ஆகியிருந்தது, மாலைத் தொழுகைக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது, ஆனாலும் நத்தர்சா சாப்பிட்ட கையைக் கழுவிய கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அது நல்ல சட்டை என்று உறைத்தது. போன நோன்புப் பெருநாளுக்கு மகள் ரிஸ்வானா திருப்பூரிலிருந்து எடுத்து அனுப்பியது, காலர் இன்னும் விறைப்பு விடவில்லை. உதவி கேட்கிற ஆள் இப்படி விறைப்பான காலரோடு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும். பழையதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால், வேண்டுமென்றே பழசைப் போட்டிருக்கிறான் என்று தோன்றும். தோன்றும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் ஒரு காலத்தில் அவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது, தெற்குத் தெருவில் ஒருவர் கிழிந்த கைலியோடு வந்து கதவைத் திறந்தபோது, கிழிசலின் ஓரத்தில் நூல் பிரியாமல் இருப்பதைப் பார்த்து, இது இன்றைக்குக் கிழித்த கிழிசல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவர் அவர். அது உண்மையாகவே அன்றைக்கு ஆணியில் மாட்டிக் கிழிந்ததாகவும் இருந்திருக்கலாம். அப்போது அப்படி நினைக்கவில்லை. இப்போது, தன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக உட்கார்ந்திருக்கையில்தான், ஆணிகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன என்று தோன்றுகிறது.

அடுப்படியில் ஜைத்தூன் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அருவாமனைச் சத்தம் கேட்டது. நிற்கும், திரும்பக் கேட்கும். முழங்கால் மடங்காதவள், எப்படித் தரையில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருப்பாள், எழும்போது இவரைக் கூப்பிடுவாள், இவர் போய்க் கை கொடுப்பார், இவருடைய முதுகு எழுப்பி விடுகிற முதுகு இல்லை, இருந்தாலும் கொடுப்பார், இரண்டு பேருமாக முனகிக்கொண்டு எழுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் கேஸ் சிலிண்டர் சுமந்த முதுகு. கம்பம் ஊரில் இந்தப் பக்கத்துத் தெருக்களில் அவர் கால் படாத அடுப்படி கிடையாது. நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும், அதைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போதுகூட மூச்சு வாங்காது, இறக்கி வைத்து, மூடியைக் கழற்றி, வாஷர் பார்த்து, ரெகுலேட்டரை மாட்டி, ஒரு தடவை பற்றவைத்துக் காட்டி, புத்தகத்தில் தேதி போட்டுவிட்டு வெளியே வந்தால் அடுத்த வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. டிஸ்க் நகர்ந்துவிட்டது என்றார்கள். நகர்ந்தது திரும்ப நகர்ந்து இடத்துக்கு வராதா என்று டாக்டரிடம் கேட்டார். அந்த டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, சிரித்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் ஈஸ்வரன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினான்கு வருஷத்தில் ஒரு கடுமையான வார்த்தை பேசாதவர். போன மாதம் வந்து இதே அறையில் உட்கார்ந்தார், மழையைப் பற்றிப் பேசினார், திராட்சை விலையைப் பற்றிப் பேசினார், அரை மணி நேரம் கழித்து, மகள் பிள்ளைகளோடு வீட்டோடு வந்துவிட்டது, திரும்பிப் போகிற மாதிரி இல்லை, நத்தர்சா, எனக்கும் வேற வழி தெரியலை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் கண் கலங்கியதால் இவர்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. அதற்கென்ன ஐயா, பிள்ளைதான் முக்கியம் என்றார். சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும்தான் கணக்குப் பார்த்தார். வெளியில் வாடகை கேட்கிற கேட்புக்கு, ஜைத்தூன் கமிஷன் கடையிலிருந்து ஏலக்காய் வாங்கி வந்து ஆய்ந்து கொடுக்கிற கூலி எந்த மூலைக்கு. ரிஸ்வானா போனில், அத்தா, இங்கே வந்துருங்க, எல்லாருமா இருந்துக்கலாம் என்றது. அது இருப்பது ஒரே அறை. எல்லாருமாக நின்றுகொண்டுதான் இருக்க முடியும். அப்போதுதான் ஜைத்தூன், பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்துக்குள் ஜமாஅத்துக்குச் சொந்தமான வீடு ஆறு இருக்கே, அதுல மூணாவது வீடு பூட்டித்தானே கிடக்கு, எழுதிப் போடுங்களேன் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போனால் உப்பு வாங்கி வாருங்கள் என்கிற மாதிரி. அந்த வீடுகள் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது, எதை எதைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பார்கள் என்பது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷம் அந்தத் தீர்மானத்துக்கு வீடு வீடாகப் பார்த்துச் சொன்னவர் அவர்.

அப்போது பள்ளிவாசல் நிர்வாகம் பார்த்த முத்தவல்லி அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தால் நாற்காலி அழுக்காகிவிடுமோ என்று விளிம்பில் உட்கார்ந்தார், யூனிபார்மோடு போயிருந்தார். நத்தர்சா, நாங்க எல்லாம் வாசலோட நிக்கிறவங்க, நீ அடுப்படி வரைக்கும் போறவன், உனக்குத் தெரியாத வீடு எது, ஏழைங்களுக்குன்னு சேர்ற பைத்துல்மால் பணத்துலயிருந்து கொடுக்கிறது, சரியான ஆளுக்குப் போய்ச் சேரணுமில்ல என்றார். அந்த வார்த்தை. அடுப்படி வரைக்கும் போகிறவன். வீட்டுக்கு வரும்வரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார், அவ்வளவு காலமும் வெறும் சுமையாள் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, தன் கண்ணில் இவ்வளவு சேர்ந்திருக்கிறது, அது ஜமாஅத்துக்கு வேண்டியிருக்கிறது என்பது தலைக்குள் கிறுகிறுத்தது. ஜைத்தூனிடம் சொன்னார். அவள் அப்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், பின்னலை விடாமலே, வேணாங்க, சிலிண்டர் மாட்டத்தான் உள்ள விட்டாங்க, வேவு பார்க்க இல்ல என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. நல்ல காரியத்தை இப்படியா சொல்வது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துச் சாப்பிட்டார், அவள் கவனிக்கட்டும் என்று. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. அவள் கவனிப்பதும் கவனிக்காததும் இந்த முப்பது வருஷத்தில் அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

இப்போது அந்தக் கண் திரும்பி இந்த வீட்டையே சுற்றியது, நிறுத்த முடியவில்லை. மூலையில் ஃபிரிட்ஜ். மகள் புதிது வாங்கியபோது பழையதை லாரியில் போட்டு அனுப்பினாள், வந்த மூன்றாம் மாதம் நின்றது, அதற்குள் இப்போது பாத்திரமும் ஜைத்தூனின் எக்ஸ்ரே படமும் போர்வையும் இருக்கின்றன. அவராக இருந்தால் அந்தக் காலத்தில் ‘ஃபிரிட்ஜ் உண்டு’ என்று சொல்லியிருப்பார். திறந்து பார்த்திருக்க மாட்டார், அடுத்தவர் ஃபிரிட்ஜைத் திறப்பது மரியாதை இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் உள்ளே போர்வை தெரியும். ஆனால் திறந்து கிடக்கிற ஃபிரிட்ஜ் நாடகம் மாதிரி இருக்கும். எழுந்து போய்த் திறந்தார், இரண்டு எட்டு பின்னால் வந்து பார்த்தார், திரும்பப் போய்ச் சாத்தினார். வாசலோரம் ஏலக்காய் மூட்டை. வீடு முழுக்க அந்த வாசம்தான், தூக்கத்தில்கூட மூக்கில் இருக்கும், வருகிறவர்களுக்கு ஏதோ பெரிய வியாபாரி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்குமே, இது எங்களுடையது இல்லை, கடைக்காரருடையது, எடை போட்டுத் தந்தது, எடை போட்டு வாங்கிக்கொள்வார் என்று வந்ததும் சொல்லிவிட வேண்டும். வந்ததும் சொன்னால் அதுவும் ஒரு மாதிரி. கேட்டால் சொல்லலாம். கேட்காமல் மனசுக்குள் எழுதிக்கொண்டு போய்விட்டால்? அவர் எப்போதாவது கேட்டிருக்கிறாரா? கேட்டதில்லை. பார்த்தார், போனார். கேட்டிருந்தால்.

கேட்டிருந்தால் என்ற இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல மனசு வேறு பக்கம் ஓடப் பார்த்தது, அடுப்படியில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது நல்லதாகப் போயிற்று, எழுந்து போனார். ஜைத்தூன் எப்படியோ தானாகவே எழுந்து நின்றுகொண்டு வெங்காயத்தில் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன பண்றே நீ?”

“பார்த்தா தெரியலையா? பக்கோடா.”

“இன்னைக்கா? அவங்க எதுக்கு வர்றாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும். நம்ம வீட்டுக்கு வர்றாங்க.”

“வசதி இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு, வர்றவங்களுக்கு எண்ணெய்ச் சட்டி வச்சா என்ன நினைப்பாங்க?”

அவள் பிசைந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “வெறும் டீயக் கொடுத்து அனுப்பினா வீடு தர்றதா யாரும் சொன்னாங்களா?” என்றாள். பிறகு குரலை இறக்கி, “மேல்பொத்தானைப் போடாதீங்க. இறுக்கமா இருக்கு. மூச்சு முட்டுற மாதிரி உக்காந்திருக்கீங்க” என்று மாவு படாத மணிக்கட்டால் அவர் காலரைத் தள்ளிவிட்டாள். அவள் மணிக்கட்டு ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து, பொத்தானைத் திறந்தே விட்டார்.

பயமெல்லாம் அடுப்படியைப் பற்றித்தான் என்று இப்போது புரிந்தது. இந்த அறையை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஆனால் அங்கே, அவள் டப்பாக்களை அவள் வரிசையாக வைத்திருக்கிற இடத்தில், அரிசி எவ்வளவு பருப்பு எவ்வளவு என்று அவளுக்கு மட்டும் தெரிந்த இடத்தில், இன்னொருத்தர் கண் போய் நிற்பது. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் சிலிண்டர் வரும்போது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள், சிலர் அவசரமாக எதையாவது மூடுவார்கள், தட்டு போட்டு மூடுவார்கள், அது என்னவென்று அவர் பார்த்துவிடுவார், ஒரு கணம்தான், ஆனால் பார்த்துவிடுவார். வெறும் கஞ்சி. அல்லது கறி. இரண்டையும் மூடுவார்கள், இரண்டும் ஒரே வேகத்தில்தான் மூடப்படும். பார்த்ததெல்லாம் தன்னோடு வெளியே வந்து பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார்ந்து வார்த்தையாகும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. தண்ணீர் வேணுமாண்ணே என்பார்கள்.

பல்கீஸ் அப்படித்தான் கேட்கும். தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே. செம்பில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் தரும், எப்போது போனாலும் வெதுவெதுப்பாக இருக்கும். கடைசியில் மனசு இங்கேதான் வந்து நின்றது, பன்னிரண்டு வருஷமாக எந்த வழியாகப் போனாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. வடக்குத் தெருவின் கடைசி வீடு. புருஷன் ஆட்டோ கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுக்கையில் இருந்தான், பிள்ளை இல்லை, வாடகை கட்ட முடியவில்லை, சந்து வீடு ஒன்று கேட்டு எழுதியிருந்தது. கமிட்டியில் நத்தர்சாவைக் கேட்டார்கள். அவர் கேஸ் புத்தகத்தில் பார்த்த தேதிகளை நினைவில் வைத்திருந்தார், வீட்டுக்கு வீடு வைத்திருந்தார், அது அவருடைய கெட்டிக்காரத்தனம். இரண்டே பேர் இருக்கிற வீடு, ஒருத்தர் படுத்த படுக்கை, ஆனால் இருபத்து நாலு நாளைக்கு ஒரு சிலிண்டர் போகுது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொய் இல்லை. யாரோ, அப்படின்னா சமைச்சு விற்குதோ என்னவோ என்றார்கள். யாரோ, வசதி இல்லாமலா இவ்வளவு எரியுது என்றார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. வீடு வேறு ஒருவருக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்திலேயே முத்தவல்லி, இதை நாம எல்லார்கிட்டயும் கேட்டு எழுதினா என்ன, நல்ல அளவுகோலா இருக்கே என்று சொல்லி, விண்ணப்பப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வியாகச் சேர்த்தார். ‘சமையல் எரிவாயு உருளை ஒன்று எத்தனை நாட்களுக்கு வருகிறது?’ எல்லாரும் நத்தர்சாவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அன்றைக்கும் அவருக்குத் தலைக்குள் கிறுகிறுத்தது.

பல்கீஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு சின்னமனூருக்கு அக்காள் வீட்டோடு போன அடுத்த மாதம், பக்கத்து வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டு போனார். அந்த வீட்டம்மா சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் பிள்ளை பாவம் அண்ணே, மூணு வேளையும் அண்டா அண்டாவா வெந்நீர் வைக்கும், படுக்கைப் புண்ணு வந்திரக் கூடாதுன்னு துடைச்சு விடும், துணியெல்லாம் கொதிக்க வச்சு அலசும், அடுப்பு அணைஞ்சு நான் பார்த்ததில்லை. அவர் தோளில் சிலிண்டரோடு நின்றுகொண்டிருந்தார். இறக்கி வைக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. என்னண்ணே என்றாள் அவள். ஒண்ணுமில்லை என்றார். கமிட்டிக்கு, வேலை அதிகம், இனி முடியாது என்று சொல்லி விலகிக்கொண்டார். உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்து ஒரு வீடு காலியானபோதாவது கூப்பிட்டுக் கொடுத்திருப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம், நோன்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டார், அதற்குள் பல்கீஸின் புருஷன் படுக்கையிலேயே மௌத்தாகிவிட்டான் என்று சேதி வந்தது, சின்னமனூருக்குப் போன எட்டாவது மாதம். அதற்கப்புறம் யாரிடம் என்ன சொல்வது. ஜைத்தூனிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம்தான் முக்கியமாகச் சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் விண்ணப்பம் வாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பியபோது, கேள்வி ஒன்பது அதே இடத்தில் அதே எழுத்தில் இருந்தது. எழுபது நாள் என்று எழுதினார். எழுதிய பேனா அங்கேயே நின்றது. எழுபது நாள் வருவதற்காக ஜைத்தூன் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்துச் சுள்ளி பொறுக்கி எரித்து வெந்நீர் வைப்பதும், காலையில் ஆக்கினதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்வதும், அந்த எழுபதுக்குள் எங்கே தெரியும். அதற்கு அப்புறம் அவர் பள்ளிவாசலுக்குத் தொழப் போகவில்லை. முதுகுவலி என்று வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். முடிவு செய்யப் போகிறவர்களோடு ஒரே வரிசையில் தோள் ஒட்டி நிற்பதற்குக் கூச்சமாக இருந்தது என்பதை அல்லாஹ்விடம் மட்டும் மறைக்க முடியவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஜைத்தூன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உள்ளே தொழுதாள், அவர் நாற்காலியில் தொழுதார், துஆவுக்குக் கையை ஏந்தியபோது வீட்டைக் கொடு என்று கேட்க நா வரவில்லை, கையை ஏந்தியபடியே சும்மா இருந்துவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். ஜைத்தூன் திரும்ப அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். சலாம் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் நுழைந்தார்கள். இலியாஸை அவருக்குத் தெரியும், மெயின் ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன், நாற்பது வயதிருக்கும், விரல்களில் எப்போதும் வார்னிஷ் கறை. கூட வந்தது தவ்லத் டீச்சர், இப்போது பெண்களையும் கமிட்டியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். டீச்சர் மூக்கை உறிஞ்சி, “அக்கா, என்ன இது, தெரு முனைக்கே வாசனை வருது” என்று நேரே அடுப்படிக்குப் போய்விட்டது. அவர் எழுந்திருக்கப் போனார். எதற்கு என்று தெரியாமல் எழுந்திருக்கப் போனார், தடுப்பதற்கா, கூடப் போவதற்கா. உள்ளே டீச்சர், தள்ளுங்கக்கா, நான் அரிச்சு எடுக்கிறேன், நீங்க உக்காருங்க, இந்த முழங்காலுக்கு என்ன மருந்து போடுறீங்க என்றது. ஜைத்தூன் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது, அவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

இலியாஸ் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்க்கவில்லை, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். “மாமு, எல்லாம் நீங்க எழுதினதுதான். ஒரு தடவை வாசிக்கிறேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க” என்றான். பெயர், வயது, பிள்ளைகள். வாசித்துக்கொண்டே போனான். ஒன்பதுக்கு வந்ததும் லேசாகச் சிரித்து, “இந்தக் கேள்வி எதுக்குன்னே விளங்கலை மாமு. பழைய ஃபாரம், அப்படியே அச்சடிச்சிட்டிருக்கோம். எழுபது நாள்னு போட்டிருக்கீங்க. சரி, பத்தாவது…” என்றான்.

“அது நான் வச்ச கேள்வி” என்றார் நத்தர்சா.

தன் குரல் அவருக்கே கேட்டது. சொல்லியிருக்க வேண்டாம். பத்தாவது கேள்வி வந்துகொண்டிருந்தது, அப்படியே விட்டிருந்தால் போயிருக்கும், பக்கோடா தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். அடுப்படியில் பேச்சு நின்றிருந்தது. இலியாஸ் நிமிர்ந்தான். இனி நிறுத்தினால் இன்னும் மோசம் என்று தோன்றியது, அல்லது எதுவும் தோன்றவில்லை, வாய் தானாகப் போயிற்று. பல்கீஸ் என்று ஒரு பிள்ளை இருந்தது, வடக்குத் தெரு கடைசி வீடு என்று ஆரம்பித்து, இருபத்து நாலு நாள், வெந்நீர், அண்டா, சின்னமனூர், எட்டாவது மாதம் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். “பின்னாடி எனக்குத் தெரிஞ்சு போச்சு இலியாஸ். தெரிஞ்சும் வந்து சொல்லலை. வெட்கம். நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்ல வெட்கம். அதுக்குள்ள காலம் போயிருச்சு.”

இலியாஸ் காகிதத்தில் அந்த ஒன்பதாவது வரியின் மேல் விரலை வைத்தான். அவன் சமாதானம் சொல்வான் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம், விடுங்க மாமு என்று. அவன் அப்படிச் சொல்லாதது வலித்தது, ஆனால் நேராக இருந்தது.

“இதை நான் கமிட்டியில சொல்லணும் மாமு” என்றான் கடைசியில்.

“சொல்லு. அதுக்குத்தான் சொன்னேன்.”

“வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வீடு உங்களுக்குன்னு போன வாரமே பேசியாச்சு. சுவர்ல ஓதம் ஏறியிருக்கு, பூச்சு வேலை நடக்குது. ஞாயித்துக்கிழமை சாவி தருவோம். இன்னைக்கு வந்தது அத்தைக்கு முழங்கால் முடியலைன்னு கேள்விப்பட்டோம், கக்கூஸ் உயரம் எப்படி வைக்கணும்னு டீச்சர் பார்த்துக் கேட்டுக்கிட்டு வரணும்னுச்சு, அதுக்குத்தான்.” காகிதத்தை மடித்தான். “அந்தப் பல்கீஸ் அக்கா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, இருந்தும் தெரியாது என்றார். பன்னிரண்டு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தவர், எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை விசாரிக்கவில்லை. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்.

அவர்கள் தின்றார்கள், டீ குடித்தார்கள். டீச்சர் ஒரு நூல் கயிற்றால் ஜைத்தூனின் முழங்கால் உயரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டது. அவர்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. வீடு கிடைத்துவிட்டது என்பது இன்னும் உள்ளே இறங்கவில்லை, எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது, சந்தோஷப்பட வேண்டும், அப்புறம் படலாம். ஜைத்தூன் தட்டுகளை எடுக்க வந்தாள். எடுக்காமல் அவருக்கு எதிரே, இலியாஸ் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. அவள் திட்டுவாள், நான் அன்றைக்கே சொன்னேன் என்பாள், சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான்.

“அந்தப் பிள்ளை எங்கம்மா வழியில தூரத்துச் சொந்தம்” என்றாள் ஜைத்தூன். “ஊரை விட்டுப் போகும்போது இந்த வாசல் வழியாத்தான் போச்சு. போயிட்டு வர்றேன் அக்கான்னு சொல்லிட்டுப் போச்சு. உங்களையும் கேட்டுச்சு. அண்ணன்கிட்டச் சொல்லிருங்கன்னு.”

“நீ சொல்லவேயில்லை.”

“நீங்க அந்த நேரம் யார்கிட்டயும் பேசாம இருந்தீங்க. என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியலை.” தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, “சொல்லியிருக்கலாம்ல என்கிட்ட” என்றாள். திட்டுகிற குரலாக இல்லை. இத்தனை வருஷமும் அவர் தனியாக இருந்திருக்கிறாரே என்கிற குரலாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினார்.

“புதன்கிழமை சின்னமனூருக்குப் போவோம்” என்றாள். “பள்ளிவாசல்ல கேட்டா யாராவது வீட்டைக் காட்டுவாங்க.”

“போய் என்னன்னு சொல்றது?”

“இலியாஸ்கிட்டச் சொன்னதுதான். அவகிட்டச் சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

“அது என்னைப் பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டா?”

“சொன்னா, திரும்பி வந்துருவோம். பஸ்ஸுதானே” என்றாள் ஜைத்தூன்.

மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஓட்டின் மேல் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. துணி காயுதே என்று அவள் எழப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை, கையை நீட்டினாள். அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளை எழுப்பினார், இரண்டு பேரும் முனகிக்கொண்டு எழுந்தார்கள், எழுந்ததும் அவள் சிரித்தாள். கொல்லையில் அவள் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தர, அவர் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு நின்றார். பாதி காய்ந்தும் பாதி நனைந்தும் இருந்தன. சாரல் முகத்தில் பட்டது, துடைக்கக் கை இல்லை, நின்றார்.